நானூற்றுச் சொச்சம் கதவுகள்

ஓசூருக்குத் தெற்கே, தொழிற்பேட்டை மதிலை ஒட்டி, குறுக்கே இருபத்தொரு வீடும் நெடுக்கே இருபத்தொரு வீடுமாக ஒரு காலனி இருந்தது, பெருக்கிப் பார்த்தால் நானூற்று நாற்பத்தொன்று வரும், ஆனால் அவ்வளவு நீளமாகச் சொல்ல எந்த ஆட்டோக்காரருக்கும் வாய் ஒத்துழைக்காததால் அதற்கு நானூத்திச் சொச்சம் என்றே பெயர் விழுந்துவிட்டது. அந்தச் சொச்சத்தின் நட்டநடுவில், எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் பதினோராவதாக வரும் இருநூற்று இருபத்தொன்றாம் எண் வீட்டில், தில்லைக்கரசியும் அவள் கணவன் குணாளனும் குடியிருந்தார்கள். பேட்டையில் இருந்த பழைய ஆலை ஒன்று காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று நாளைக்கு மூன்று முறை சங்கு ஊதும். ஆலையில் வேலை இருந்ததோ இல்லையோ சங்கு மட்டும் தவறாது, அதை வைத்துத்தான் காலனிக்காரர்கள் பால் காய்ச்சினார்கள், குழாயடிக்குப் போனார்கள், சண்டையை நிறுத்திக்கொண்டார்கள்.

ஒரு கார்த்திகை மாதத்துத் திங்கட்கிழமை, இரண்டு மணிச் சங்கு ஊதி ஓய்ந்ததும், காலனியின் ஒவ்வொரு வீடும் தன் முன்வீடு, பின்வீடு, இடது வீடு, வலது வீடு நான்கிடமும் உனக்கு எவ்வளவு சூடு என்று கேட்டது, நான்கையும் கூட்டியது, நான்கால் வகுத்தது, வந்ததை எடுத்துத் தனக்கென்று வைத்துக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது. பத்து மணிச் சங்குக்கும் அப்படியே நடந்தது, மறுநாள் ஆறு மணிக்கும் அப்படியே. ஓரத்து வீடுகளுக்கு ஒரு பக்கம் வீடு இல்லாததால் அவை ரோட்டைக் கேட்டன, ரோடு எப்போது கேட்டாலும் ஒரே பதிலைத்தான் சொன்னது, அன்றைய வெயில் எதுவோ அது. பூட்டிக் கிடந்த வீட்டை யாரும் கேட்கவில்லை, அதுவும் யாருக்கும் பதில் சொல்லவில்லை. அடுப்பே மூட்டாத ஒண்டிக்கட்டை ஒருவரின் வீட்டுக்குள் பக்கத்து வீட்டு வடைச்சட்டியின் வெக்கை வந்து உட்கார்ந்தது, வெக்கை மட்டும் வந்தால் போதுமா, வடை வரவில்லையே என்று அவர் ஒரு வாரம் குறைப்பட்டுக்கொண்டார்.

தில்லைக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை, ஏனென்றால் பதினோரு வருஷமாக அவள் செய்துவந்த வேலையே இதுதான். எலக்ட்ரானிக் போர்டு ஒன்றைச் செய்வதற்கு முன்னால் அதன் வரைபடத்தை அவர்கள் ஆபீசுக்கு அனுப்புவார்கள், ஓடும்போது எந்தச் சிப் சூடாகிக் கருகும் என்று இவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதற்குப் போர்டைக் கம்ப்யூட்டரில் சின்னச் சின்னக் கட்டங்களாக நறுக்குவார்கள், ஒவ்வொரு கட்டமும் தன் நான்கு பக்கத்துக் கட்டங்களின் சூட்டைக் கேட்டுச் சராசரியை எடுத்துக்கொள்ளும், எல்லாக் கட்டமும் எடுத்துக்கொண்டதும் எல்லோருடைய பதிலும் மாறியிருக்கும், ஆகவே மறுபடி கேட்கும், மறுபடி மாறும், இப்படி லட்சம் தடவை கேட்டாலும் சலிக்காது. எட்டி எட்டிக் கேட்டுச் சீக்கிரம் முடிக்கிற முறைகளும் உண்டு, பெரிய கட்டத்தில் ஒருமுறை சின்னக் கட்டத்தில் ஒருமுறை என்று மாற்றி மாற்றிக் கேட்கிற முறைகளும் உண்டு, எல்லாமே அடிப்படையில் அக்கம்பக்கத்தைக் கேட்பதுதான். ஒவ்வொரு சுற்றிலும் பதில் எவ்வளவு மாறியதோ அதற்கு அவர்கள் ஆபீசில் மிச்சம் என்று பேர். மிச்சம் ஒன்றுமில்லாமல் போனால் முடிந்தது என்று சொல்ல மாட்டார்கள், அடங்கிடுச்சு என்பார்கள். "அந்த போர்டு அடங்கிடுச்சாம்மா?" என்றுதான் மேனேஜர் சக்கரபாணி காலையில் வந்ததும் கேட்பார், புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒரு கணம் திடுக்கிட்டுப் பிறகு பழகிக்கொள்வார்கள்.

குணாளனுக்குக் காய்ச்சல் வந்ததும் அதே திங்கட்கிழமைதான். அவன் பேட்டையில் போர்டு செய்யும் கம்பெனியில், ஈயம் உருகி ஒட்டும் நீள அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆள், சூடு அவனுக்குப் புதிதல்ல. அடுப்புப் பக்கம் நின்ற வெக்கை என்று அவன் சொன்னான், இரண்டாம் நாள் வெயில் என்றான், கார்த்திகை மாதத்தில் ஏதுடா வெயில் என்று கேட்க ஆள் இல்லாததால் மூன்றாம் நாளும் அதையே சொன்னான். நான்காம் நாள் தில்லை அவனை ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். காலனியைத் தாண்டியதும்தான் விஷயம் தெரிந்தது. ஒவ்வொரு சங்குக்கும் அவன் உடம்பு சொல்லிவைத்ததுபோல் ஒரு டிகிரி ஏறியது, இறங்கவே இல்லை. அங்கே சங்குச் சத்தம் கேட்காது, ஆனாலும் ஏறியது. மூன்று சங்கு நேரம் கழிந்தபோது நர்ஸ் தெர்மாமீட்டரை உதறி உதறிப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள். அந்த ஒரு நாளும் தில்லை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கண் எரிந்தது, உள்ளங்கால் காந்தியது, அழுத கண் எரியாமல் என்ன செய்யும் என்று அதைப் பொருட்படுத்தவில்லை.

டாக்டர் வயதானவர், நானூத்திச் சொச்சத்தில் நடப்பது ஊரோடு ஊராக அவர் காதிலும் விழுந்திருந்தது.

"இங்க நாலு பக்கமும் சுவருதான்மா இருக்கு. அங்க நானூறு வீடு இருக்குல்ல? இவர் சூட்டை அதுங்கதான் பங்கு போட்டு வாங்கிட்டு இருக்குது. கூட்டிட்டுப் போயிடுங்க. ஆனா ஒண்ணு, அந்த வீடு முப்பத்தெட்டு டிகிரியத் தாண்டக் கூடாது. தாண்டுச்சுன்னா உடம்பு தாங்காது, நானும் ஒண்ணும் பண்ண முடியாது."

"இது எப்ப சரியாகும் சார்?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

அப்படித்தான் குணாளன் திரும்பி வந்தான், ஹாலின் நடுவில் கட்டிலைப் போட்டுப் படுத்தான், தில்லை ஆபீசில் கேட்டுக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கினாள், கட்டிலை ஒட்டி ஒரு நாற்காலி, மடியில் லேப்டாப். அன்றிலிருந்து அவள் காலனியை விட்டு வெளியே போகவில்லை.

இதைக் காலனி எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், சந்தோஷமாகத்தான் எடுத்துக்கொண்டது. ஓசூர்க் குளிர் எப்படிப்பட்டது என்று அங்கே மார்கழியில் குளித்தவர்களுக்குத் தெரியும். அந்த மார்கழியில் நானூத்திச் சொச்சத்தில் யாரும் வெந்நீர் போடவில்லை. நடுவீட்டில் ஐந்து டிகிரி கூடுதல், அதைச் சுற்றிய நான்கு வீட்டில் மூன்று, அதற்கடுத்த வரிசையில் இரண்டு, இப்படிக் குறைந்து குறைந்து ரோட்டோரத்தில் ஒன்றுமில்லாமல் போனது, அந்தச் சூட்டுக்குக் குணா சூடு என்று பேர் வைத்தார்கள். குணா சூட்டில் தயிர் நேரத்துக்குத் தோய்ந்தது, மாவு பொங்கியது, மூட்டு வலிக்காரர்கள் பதினோராம் தெருவுக்கு வந்து சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து அரசியல் பேசினார்கள். பின்வீட்டு ஷகிலா, பிளவுஸ் தைப்பவள், துணி மூட்டைக்குள் மறந்துபோன ஆறு முட்டைகளிலிருந்து ஆறு குஞ்சுகள் இறங்கி ஜாக்கெட் பிட்டுகளின் மேல் நடந்தன. கொண்டுவந்து கட்டிலின் மேல் விட்டாள்.

"இந்தா தம்பி, உன் புள்ளைங்க. நீதான் அடைகாத்தே, நீயே பேரு வை."

குணாளன் சிரித்தான். கல்யாணம் ஆகி ஒன்பது வருஷத்தில் அந்த வீட்டில் குழந்தைச் சத்தம் கேட்டதில்லை, ஷகிலா அதை நினைத்துச் சொல்லவில்லை, சொன்ன பிறகுதான் நினைத்தாள், உடனே இரும ஆரம்பித்தாள். குணாளன் ஆறுக்கும் பேர் வைத்தான், எல்லாம் சங்கத் தலைவர்களின் பேர்.

காலனிச் சங்கத்தின் செயலாளர் முனிரத்தினம், பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், குறித்து வைக்க ஒன்றும் இல்லாமல் ஆறு வருஷமாக வாடிப்போயிருந்தவர், இப்போது ஒரு தெர்மாமீட்டரும் கோடு போட்ட நோட்டும் வாங்கிக்கொண்டு தினமும் ஆறு மணிச் சங்குக்குப் பிறகு வீடு வீடாகப் போய்ச் சூட்டைக் குறித்தார். வீட்டு எண், டிகிரி, கையெழுத்து. கையெழுத்து எதற்கு என்று கேட்டவர்களை முறைத்தார்.

தில்லையும் அந்தக் குளிர்காலத்தில் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தாள், பின்னால் அதை நினைத்து வெட்கப்பட்டாள். அவன் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி மாற்றுவாள், அவன் அவள் கையைப் பிடித்துக்கொள்வான்.

"உன் கை ஏன் தில்லை இப்படிக் கொதிக்குது?"

"உங்க நெத்தியத் தொட்ட கைதானே. பின்ன எப்படி இருக்கும்?"

அவன் ஒத்துக்கொண்டான். கணக்குத் தெரிந்தவள் சொன்னால் அவன் எதையும் ஒத்துக்கொள்வான்.

பங்குனி வந்தது. வந்ததும் ரோடு தன் பதிலை மாற்றிக்கொண்டது, இருபத்திரண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தது முப்பத்துமூன்று என்றது. குளிர்காலத்தில் குணா சூடு என்று பேர் வைத்த அதே வாய்கள் இப்போது அந்தப் பேரைச் சொல்லும்போது பல்லைக் கடித்தன. யாரும் கெட்டவர்கள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பச்சைக் குழந்தைக்கு வேர்க்குரு, பெரியவருக்கு மயக்கம், ஃப்ரிட்ஜில் வைத்த பால் திரிந்தது, மின்விசிறி சுடுகாற்றை இறைத்தது, இத்தனைக்கும் ஒரே ஒரு மனிதன் காரணம், அவனும் ஒன்றும் வேண்டுமென்று செய்யவில்லை, கோபப்படவும் முடியாமல் பொறுக்கவும் முடியாமல் எத்தனை நாள்தான் இருப்பார்கள்? பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும் சங்கத்தைக் கூட்டினார்கள், தண்ணீர்த் தொட்டி நிழலில்.

"ஊருக்குப் போயிட்டு வர்றோம்னுதாம்மா கேக்குறோம். வருஷா வருஷம் போறதுதானே?" என்றார் முனிரத்தினம். அவர் போகவில்லை, போகிறவர்களுக்காகக் கேட்டார். "பூட்டுனா உன் வீட்டுக்காரருக்கு ஆகாதுன்றாங்க. எத்தினி வீடு பூட்டலாம்? நீதான் படிச்ச பொண்ணு, நீ சொன்னா யாரும் மறுபேச்சுப் பேச மாட்டாங்க."

அவள் சொன்னாள். அதுதான் அவள் செய்த காரியம்.

வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, காலனியைக் கட்டம் போட்டாள். இடமும் வலமும் ஒன்றுபோல இருக்கும் போர்டை நடுவே வெட்டிப் பாதிக்கு மட்டும் கணக்குப் போட்டு, மறுபாதிக்குக் கண்ணாடியைக் காட்டிவிடுவது அவர்கள் தொழில் வழக்கம், பாதி நேரம் மிச்சம். நானூற்று நாற்பத்தொரு கட்டத்தை வெட்ட வேண்டிய அவசியமே இல்லை, கண் மூடித் திறப்பதற்குள் கம்ப்யூட்டர் முடித்துவிடும், ஆனாலும் பதினோரு வருஷத்துக் கை, தானாக வெட்டியது. வெட்டுக்கோடு ஒரு சிப்பின் நடுவே போனால் அதன் சூட்டையும் பாதியாக்கிக் கொடுக்க வேண்டும், புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் வழுக்கி விழும் இடம் இது, விழுந்தால் விடை ஒன்று சரிபாதியாக நிற்கும் இல்லையென்றால் இரட்டையாக நிற்கும். இங்கே வெட்டுக்கோடு இருநூற்று இருபத்தொன்றாம் வீட்டின் நடுவே, கட்டிலில் படுத்திருந்த குணாளனின் மேலேயே போனது. ஆஸ்பத்திரியில் பார்த்தது, சங்குக்கு ஒரு டிகிரி, அதில் பாதியைக் கவனமாகக் கொடுத்தாள். கேட்கவிட்டாள், கேட்டுக் கேட்டு மிச்சம் குறைந்தது, அடங்கியது. எல்லா வீடும் திறந்திருந்தால் நடுவீடு முப்பத்தைந்தரை. வெளி வளையங்களில் நூற்றுத் தொண்ணூறு வீடு பூட்டினாலும் முப்பத்தேழைத் தொடாது. அவள் இரண்டு தடவை சரிபார்த்தாள், கணக்கைக் கணக்கோடுதான், முனிரத்தினத்தின் நோட்டோடு ஒத்துப் பார்க்கத் தோன்றவில்லை. எந்தெந்த வீடு பூட்டலாம் என்று பட்டியல் எழுதித் தண்ணீர்த் தொட்டியில் ஒட்டினாள், பட்டியலில் பேர் வந்தவர்கள் லாட்டரி விழுந்ததுபோல் வந்து அவளுக்கு நன்றி சொன்னார்கள்.

"எல்லாரும் போறாங்களா?" என்று குணாளன் கேட்டான்.

"பாதிப் பேருகூட இல்ல. நான் கணக்குப் போட்டுத்தான் விட்டிருக்கேன்."

"அப்ப சரி" என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஏழாம் நாள் வீடு முப்பத்தெட்டில் நின்றது. எட்டாம் நாள் தாண்டியது. முனிரத்தினம் நோட்டைப் பிரித்துக்கொண்டு வாசலில் நின்றார், உள்ளே வரக் கூச்சப்பட்டார், தில்லை நோட்டை வாங்கித் தன் கணக்கோடு வீடு வீடாக வைத்துப் பார்த்தாள். ரோட்டின் முப்பத்துமூன்றுக்கு மேல் ஒன்று என்று அவள் எழுதியிருந்த இடத்தில் இரண்டு இருந்தது, ஒன்றரை என்ற இடத்தில் மூன்று, இரண்டு என்ற இடத்தில் நான்கு. எல்லாமே சரியாக இரண்டு மடங்கு. சக்கரபாணிக்குப் போன் போட்டாள்.

"எல்லாமே டபுளா? அப்ப வெட்டுக்கோட்டுலதாம்மா தப்பு" என்றார் அவர், யோசிக்கக்கூட இல்லை. "எதையோ பாதி விட்டுட்டே. நம்ம எல்லாரும் பண்ற தப்புதான். அந்தக் கோட்டுல போய்ப் பாரு, எதை விட்டேன்னு தெரியும்."

அவள் போய்ப் பார்த்தாள். கோட்டின் மேல் இருந்தது ஒரு வீடு, வீட்டில் ஒரு கட்டில், கட்டிலில் அவன். பாதியாக்க வேண்டியதைப் பாதியாக்கியிருந்தாள். தப்பு எங்கே என்று தெரியவில்லை, தேட நேரமும் இல்லை. குணாளனின் சூட்டை இரண்டாக்கிப் போட்டுப் பார்த்தாள், நோட்டில் இருந்த ஒவ்வொரு எண்ணும் வந்து உட்கார்ந்தது. ஆஸ்பத்திரியில்தான் தப்பாகப் பார்த்துவிட்டோம் என்று முடிவு கட்டினாள், விடை பொருந்திவிட்டால் அதன் பிறகு ஏன் என்று யாரும் கேட்பதில்லை. புதுக் கணக்கு சொன்னது இதுதான்: நானூற்று நாற்பத்தொரு கதவும் திறந்திருந்தால் முப்பத்தெட்டு, ஒரு கதவு குறைந்தாலும் அதற்கு மேல்.

அன்றிலிருந்து அவள் போனும் கையுமாக இருந்தாள். திருவண்ணாமலைக்குப் பேசினாள், குப்பத்துக்குப் பேசினாள், சேலத்துக்கும் கோலாருக்கும் பேசினாள். ஒருவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

"வந்துர்றோம்மா. தேர் முடிஞ்சதும் கிளம்பிட வேண்டியதுதான்."

"பாப்பாவுக்குக் காது குத்து வெச்சிருக்கோம் தில்லை, ஞாயித்துக்கிழமை. திங்களு காலையில அங்க இருப்போம்."

"நீங்கதானே போகலாம்னு லிஸ்ட்டு போட்டீங்க?"

இதைச் சொன்னது ஒரே ஒருவர்தான். ஆனால் மற்ற எல்லோர் குரலுக்குப் பின்னாலும் அவளுக்கு அதுதான் கேட்டது. சாவி இருக்கும் வீடுகளை முனிரத்தினம் திறந்துவிட்டார், அப்படிப் பதினேழு. உள்ளூரில் இருந்தவர்களில் சிலர், வெக்கை தாங்காமல், சொல்லாமல் கொள்ளாமல் மாமியார் வீட்டுக்கு நழுவினார்கள், அப்படி முப்பது. அவள் ஒவ்வொரு தெருவாக நடந்தாள், பூட்டிய கதவுகளைக் கையால் தொட்டாள், திறந்த வீட்டுக்காரர்களைக் கும்பிட்டாள். மனிதரைக் கும்பிட்டுப் பழக்கமில்லாதவள், கோயிலில்கூடக் கைகட்டித்தான் நிற்பாள். அவளால் வேறென்ன செய்ய முடியும்? எந்தக் கட்டத்தின் சூடு எத்தனையாவது சங்குக்கு எவ்வளவு ஏறும் என்று புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை அவளுக்குத் தெரியும், ஒரு புள்ளியைக்கூட இறக்க அவளால் முடியாது.

சித்திரை பிறந்து பதினைந்தாம் நாள், இரண்டு மணிச் சங்குக்குச் சற்று முன்னால், குணாளன் தண்ணீர் கேட்டான். வாயில் விட்டாள். கோழிகளில் ஏதாவது முட்டை வைத்துவிட்டதா என்றான், இன்னும் இல்லை என்றாள். சங்கு ஊதியது. வீடு அக்கம்பக்கத்தைக் கேட்டது, காலனியில் பாதிக்குக் கொஞ்சம் குறைய வீடுகள் பூட்டிக் கிடந்தன. சங்குச் சத்தம் நின்றது, அவன் மூச்சும் நின்றது. ஷகிலா பின்கதவு வழியாக ஓடிவந்து அவன் மூக்கில் கைவைத்துப் பார்த்தாள்.

"அடங்கிடுச்சு தில்லை" என்றாள்.

எத்தனை ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. தில்லை அப்போதுதான் முதல் தடவை அதைக் கேட்டதுபோல் அவளைப் பார்த்தாள்.

பிறகு நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். எல்லோரும் வந்தார்கள். திருவண்ணாமலையிலிருந்து வந்தார்கள், தேரை விட்டுவிட்டு வந்தார்கள், காதுகுத்தை ஒரு மாதம் தள்ளிப் போட்டுவிட்டு வந்தார்கள், கோலார்க்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள். சாவு விழுந்தால் காரியம் முடியும் வரை காலனியில் ஒருவரும் கதவைத் தாழ்போடக் கூடாது என்பது அங்கே முதல் வீடு குடியேறிய நாளிலிருந்து வழக்கம். ஒரு வழக்கத்தையும் அவர்கள் விட்டதில்லை. அன்று சாயங்காலத்துக்குள் நானூற்று நாற்பத்தொரு கதவும் திறந்து கிடந்தன. தில்லை கூடத்தில் உட்கார்ந்தபடி தெரு முழுக்கத் திறந்திருந்த கதவுகளைப் பார்த்தாள். பார்த்து ஓவென்று அழுதாள், வந்தவர்கள் அவனுக்காக அழுகிறாள் என்று நினைத்தார்கள், அவள் கதவுகளுக்காக அழுதாள்.

பதினாறு நாளும் ஒருவர் கதவை அடைக்கவில்லை. வெக்கை குறைந்திருந்தது, பாவம் மகராசன் போனான், காலனி குளிர்ந்தது என்று பேசிக்கொண்டார்கள். முனிரத்தினம் மரியாதைக்காக அத்தனை நாள் நோட்டைத் தொடவில்லை. பதினாறாம் நாள் காலை, காரியத்துக்கு முன்னால், எல்லா வீட்டிலும் முப்பத்துமூன்று என்று ஒருமுறை எழுதி நோட்டை மூடிவிடலாம் என்று தெர்மாமீட்டரோடு கிளம்பினார். மத்தியானம் இலை போடும் நேரத்தில் தில்லையிடம் வந்தார், முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ஏம்மா, தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு போலருக்குது. நீயே பாரு. ரோட்டுக்குச் சமமா நிக்கணும்ல? நிக்கல. ரோட்டுக்கு மேல முன்ன இருந்ததுல பாதி நிக்குது."

அவள் நோட்டை வாங்கினாள். பாதி. எல்லா வீட்டிலும் பாதி. அந்த எண்களை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது, உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்து, தப்பு என்று ஒதுக்கிவைத்த முதல் கணக்கை எடுத்தாள். நடுவீடு முப்பத்தைந்தரை. நோட்டிலும் முப்பத்தைந்தரை. அடுத்த நான்கு வீடும் முப்பத்துநான்கரை, நோட்டிலும் அதுவே. நானூற்று நாற்பத்தொரு வீட்டிலும் ஓர் எண்கூடப் பிசகவில்லை. முதல் கணக்கில் தப்பே இல்லை. அது ஒரே ஓர் ஆளுக்கான கணக்கு.

அந்தக் கோட்டுல போய்ப் பாரு, எதை விட்டேன்னு தெரியும் என்று சக்கரபாணி சொன்னது அப்போதுதான் அவளுக்குள் வந்து சேர்ந்தது. கோட்டின் மேல் இருந்தது ஒரு வீடு, வீட்டில் ஒரு கட்டில், கட்டிலை ஒட்டி ஒரு நாற்காலி. நாற்காலியை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை. முனிரத்தினத்தின் கையிலிருந்த தெர்மாமீட்டரை வாங்கிக் கழுவி நாக்குக்கு அடியில் வைத்தாள். ஆறு மாதத்தில் அந்த வீட்டில் அது வராத ஒரே இடம் அதுதான். எடுத்துப் பார்த்துவிட்டு உதறினாள்.

"எவ்வளவும்மா?" என்றார் முனிரத்தினம்.

"கெட்டுத்தான் போச்சு" என்றாள் தில்லை. "வேற வாங்கிக்கங்க."

சங்குக்கு ஒரு டிகிரி அவன், ஒரு டிகிரி அவள். தன்னையும் கணக்கில் சேர்த்திருந்தால் ஒரு வீட்டையும் பூட்டவிட்டிருக்க மாட்டாள். இல்லை, தான் மட்டும் ஏதாவது ஒரு ஊருக்குப் போயிருந்தால் அத்தனை பேரும் பூட்டிக்கொண்டு போயிருந்தாலும் அவன் இருந்திருப்பான், தான் எங்காவது போய் எரிந்து முடிந்திருக்கலாம். ஒரு நிமிஷம்கூட அவனை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்ததுதான் அவனைக் கொன்றது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

காரியம் முடிந்தது. வழக்கமும் அத்தோடு முடிந்தது. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது, விட்டுவந்த தேரும் காதுகுத்தும் இல்லாவிட்டாலும் வெயில் அப்படியே இருந்தது, சாயங்காலமே பைகளைக் கட்டினார்கள். ஒவ்வொருவராக வந்து, உடம்பைப் பார்த்துக்கொள் தில்லை, ஏதாவது வேண்டுமென்றால் ஒரு போன் போடு, உடனே வந்து நிற்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மனதாரத்தான் சொன்னார்கள்.

மறுநாள் விடிந்ததும் அவள் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தெருத்தெருவாகத் தாழ்ப்பாள் சத்தம் வந்தது, கிழக்கே ஒன்று, பின்னால் இரண்டு, அப்புறம் எண்ண முடியாமல். தாழ்ப்பாள் திறந்தாலும் போட்டாலும் சத்தம் ஒன்றுதான், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆறு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. எழுந்து வாசலுக்கு வந்தாள். எதிர்வீட்டுக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, அவளைக் கண்டதும் நின்றார்.

"என்னம்மா, ஏதாவது வேணுமா?"

குணாளனுக்காக வாசல் வாசலாகக் கும்பிட்ட கை. காலில் விழு என்றாலும் அவனுக்காக விழுந்திருப்பாள். வாயைத் திறந்தாள், எனக்கு என்று தொடங்கினாள், அந்த வார்த்தைக்கு அடுத்த வார்த்தை அவளிடம் இருக்கவில்லை.

"முகமெல்லாம் செவந்திருக்கே. காச்சலா?"

"வெயிலுதாண்ணா" என்றாள் தில்லை. "நீங்க பஸ்ஸை விட்டுடாதீங்க."

அவர் தலையாட்டிவிட்டு நடந்தார். அவள் உள்ளே வந்து பின்சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள், சுவருக்கு அந்தப் பக்கம் ஷகிலாவின் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்ததா, அல்லது அவள் காதில் ரத்தம் ஓடியதா, தெரியவில்லை. சங்கு ஊதத் தொடங்கியது.